பிஎச்சிக்கு வராதவங்களை எண்ணப் போன ரெண்டு மாசம்

எம்பிபிஎஸ் படிக்கிற புள்ள ரிசர்ச் பண்ணப் போறேன்னு சொன்னா வீட்ல எல்லாருக்கும் மைக்ராஸ்கோப்பும் வெள்ளை எலியும்தான் ஞாபகத்துக்கு வரும், எங்க அம்மாவும் அப்படித்தான் சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் பண்ணி சொல்லிட்டாங்க, கடைசில நான் பண்ணது என்னன்னா ஒரு பிபி மெஷினையும் ஒரு கட்டு ஃபார்மையும் பையில போட்டுக்கிட்டு பிரஷர் இருக்கவங்க மாத்திரை ஒழுங்கா போடுறாங்களான்னு பார்க்க ரெண்டு மாசம் ஊர் ஊரா கதவைத் தட்டுனதுதான். அது எப்படி ரிசர்ச் ஆகும்னு அப்பவே நிறைய பேர் கேட்டாங்க. காலேஜ்ல கூட சில பேர் "கம்யூனிட்டி மெடிசினா, ஈசியா முடிஞ்சிடும்ல" அப்படின்னாங்க, சமூக மருத்துவத்தைத்தான் அப்படி சொல்றது. அதனால இது என்ன, ஏன் பிஎச்சி, அதாவது ஆரம்ப சுகாதார நிலையம், லெவல்ல பண்றாங்க, உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் விரிவா எழுதலாம்னு தோணுச்சு.

முதல்ல ஒரு குழப்பத்தை தீர்த்துடறேன். இன்டர்ன்ஷிப்னு சொன்னா நம்ம ஊர்ல சிஆர்ஆர்ஐ, அதாவது ஃபைனல் இயர் பாஸ் பண்ணிட்டு ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனா எல்லா டிபார்ட்மென்ட்டும் சுத்துறது, அதுல 12 வாரம் கம்யூனிட்டி மெடிசின் போஸ்டிங்ல பிஎச்சிக்கு போவாங்க. அது வேலை பழகுறது. நான் சொல்றது வேற, படிச்சிட்டு இருக்கும்போதே பண்ற ரிசர்ச் இன்டர்ன்ஷிப். இந்தியாவுல இதுக்கு ரொம்ப தெரிஞ்ச வழி ஐசிஎம்ஆரோட, அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட எஸ்டிஎஸ், ஷார்ட் டெர்ம் ஸ்டூடன்ட்ஷிப், 1979ல இருந்து நடக்குது. ஸ்டூடன்ட் தானே ஒரு கேள்வியை யோசிச்சு, காலேஜ்ல ஒரு ஃபேகல்டியை கைடா வச்சு ப்ரொபோசல் அனுப்பணும், செலக்ட் ஆனா ரெண்டு மாசம் வேலை பண்ணி ரிப்போர்ட் கொடுக்கணும், அந்த ரிப்போர்ட்டை அவங்க ஏத்துக்கிட்டாதான் சர்டிஃபிகேட்டும் பணமும் வரும். பணம் முன்னாடி 20,000 ரூபாயா இருந்துச்சு, அப்புறம் 50,000 ஆக்குனாங்க. ப்ராஜெக்ட் ஆஸ்பத்திரி வார்டுலயும் பண்ணலாம், லேப்லயும் பண்ணலாம், கிராமத்துலயும் பண்ணலாம். பெரும்பாலான பசங்க வார்டைத்தான் எடுப்பாங்க, ஏன்னா பேஷன்ட் பெட்லயே இருப்பார், நாம போனா போதும்.

இங்கதான் விஷயமே இருக்கு. பெட்ல இருக்கவர் யாரு, அவர் எப்படி அங்க வந்து சேர்ந்தார், வந்து சேராதவங்க எங்க இருக்காங்க?

1961ல கெர் வைட்னு ஒரு டாக்டர் கூட ரெண்டு பேரோட சேர்ந்து அமெரிக்கா, பிரிட்டன் டேட்டாவை வச்சு ஒரு கணக்கு போட்டார். பதினாறு வயசு தாண்டின 1000 பேரை எடுத்துக்கோங்க, ஒரு மாசத்துல அவங்கள்ல 750 பேருக்கு ஏதாவது ஒரு உடம்பு கோளாறு வரும், 250 பேர் டாக்டர்கிட்ட போவாங்க, 9 பேர் ஆஸ்பத்திரியில அட்மிட் ஆவாங்க, 5 பேரை வேற டாக்டருக்கு அனுப்புவாங்க, யுனிவர்சிட்டி மெடிக்கல் சென்டருக்கு போறது ஒரே ஒருத்தர். அந்த ஒருத்தரை வச்சுதான் மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ் நாலரை வருஷம் படிக்கிறோம். நாடு வேற, காலமும் வேறதான், இங்க அதே எண்ணிக்கை வராது, ஆனா அந்த கணக்கோட வடிவம் மாறாது. ஜிஹெச் மெடிசின் வார்டுல மூணு நாள் ஓபி உட்கார்ந்தா சிரோசிஸும் டயாலிசிஸ் கேஸும் பார்த்துட்டு ஊர் முழுக்க இப்படித்தான் இருக்குன்னு நினைச்சுக்குவோம். தொகுதி மட்டும் தெரியும், பகுதி தெரியாது, நியூமரேட்டர் இருக்கும் டினாமினேட்டர் இருக்காது, அதாவது வந்தவங்க கணக்கு இருக்கும், மொத்த ஊர் கணக்கு இருக்காது.

பிஎச்சில அந்த டினாமினேட்டர் கையில இருக்கு. சமவெளியில 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மலைப்பகுதின்னா 20,000, அதுக்கு கீழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அங்க ஒரு விஹெச்என், அதாவது கிராம சுகாதார செவிலியர். அந்த 5,000 பேர்ல யாரு கர்ப்பமா இருக்காங்க, எந்த குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி, யாருக்கு சுகர், யார் வெளியூர் போயிட்டாங்கன்னு அந்த அக்காவுக்கு தெரியும். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான ஏஎன் கிளினிக், புதன்கிழமை தடுப்பூசி, மிச்ச நாள் ஃபீல்டு. எந்த கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகிட்டயும் இப்படி ஒரு லிஸ்ட் கிடையாது, அவங்ககிட்ட இருக்கறது பில் போட்டவங்க லிஸ்ட்.

வீட்டுக்குப் போய் பண்ற ரிசர்ச் சின்ன விஷயம்னு நினைக்கிறவங்களுக்கு சென்னை சேத்துப்பட்டு கதையை சொல்லணும். 1950கள்ல டிபின்னா சானடோரியம், பல மாசம் பெட், நல்ல சாப்பாடு, நல்ல காத்து, இதுதான் உலகம் பூரா வைத்தியம். மெட்ராஸ்ல அவ்வளவு பெட் ஏது. 1956ல ஐசிஎம்ஆர், மெட்ராஸ் அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் எல்லாம் சேர்ந்து அங்க ஒரு சென்டர் ஆரம்பிச்சு, வாலஸ் ஃபாக்ஸ்னு ஒரு டாக்டர் தலைமையில, நோயாளிகளை குலுக்கல் மாதிரி ரெண்டா பிரிச்சு பாதி பேரை சானடோரியத்துக்கும் பாதி பேரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கும் அனுப்புனாங்க. வீட்ல இருந்தவங்க நெருக்கடியான ஏழை வீடுகள்ல, சானடோரியத்தை விட சுமாரான சாப்பாடு சாப்பிட்டு, ஓய்வும் கம்மியா இருந்தவங்க. ஒரு வருஷம் கழிச்சு பார்த்தா ரெண்டு குரூப்புக்கும் ரிசல்ட் கிட்டத்தட்ட ஒண்ணுதான், கூட இருந்த குடும்பத்துக்கும் அதனால கூடுதலா டிபி பரவலைன்னு பின்னாடி தெரிஞ்சுது. 1959ல அது வெளிவந்ததுக்கு அப்புறம் சானடோரியங்களோட காலமே போச்சு. எனக்கு இதுல பிடிச்ச பகுதி வேற. வீட்ல இருக்கவங்க மாத்திரை போடறாங்களான்னு எப்படி கண்டுபிடிச்சாங்க தெரியுமா, சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுனாங்க, யூரின் எடுத்து டெஸ்ட் பண்ணுனாங்க. நாம இன்னைக்கு பையைத் தூக்கிட்டு போறதுக்கு பாட்டன் முப்பாட்டன் அந்த வேலைதான். அந்த சென்டர்தான் இப்போ என்ஐஆர்டி, தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அதே சேத்துப்பட்டுலதான் இருக்கு.

பிபிக்கு இதே மாதிரி ஒருத்தர் உண்டு, ஜூலியன் டியூடர் ஹார்ட், சவுத் வேல்ஸ்ல கிளின்கோரக்னு ஒரு நிலக்கரி சுரங்க கிராமத்து டாக்டர். சளி, முதுகுவலி, எதுக்காக வந்தாலும் பிபி பார்த்து எழுதி வைக்கிறது, அப்படியும் வராதவங்களை தேடிப் போய் பார்க்கறது, இப்படியே கிராமத்துல கிட்டத்தட்ட எல்லா பெரியவங்களுக்கும் பார்த்து முடிச்சார். 1971ல லான்செட் மருத்துவ இதழ்ல அவர் எழுதுனது இன்னும் மேற்கோள் காட்டுறாங்க: நல்ல வைத்தியம் எங்க அதிகம் தேவையோ அங்கதான் கம்மியா கிடைக்கும்னு. 

நம்ம ஊர் நிலவரத்துக்கு வர்றேன். 2020ல தமிழ்நாட்டுல பிரஷர், சுகர் மாதிரி தொற்றா நோய்களை அளக்க நடத்துன ஸ்டெப்ஸ் சர்வேல பெரியவங்கள்ல 33.9 சதவீதம் பேருக்கு பிரஷர், 17.6 சதவீதம் பேருக்கு சுகர்னு வந்துச்சு. அது கூட பரவாயில்ல, பிரஷர் இருக்கவங்கள்ல அது கட்டுப்பாட்டுல இருந்தது 7.3 சதவீதம், சுகர்ல 10.8 சதவீதம். நூறு பேருக்கு பிரஷர்னா ஏழு பேருக்குத்தான் அப்போ கட்டுப்பாட்டுல இருந்துச்சு, அதுவும் மாத்திரை பிஎச்சில இலவசமா கிடைக்கிற மாநிலத்துல. மருந்து இல்லாம இல்ல, மருந்துக்கும் ஆளுக்கும் நடுவுல எங்கயோ அறுந்து கிடக்கு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சதுக்கு பின்னாடி இந்த நம்பர்தான் இருக்கு, வராதவங்க வீட்டுக்கே தன்னார்வலர் அக்கா மாத்திரையை கொண்டு போறது.

ஒரு சின்ன கணக்கு போட்டு பாருங்க. துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர், அதுல பெரியவங்க தோராயமா 3,500னு வச்சுக்குவோம், மூணுல ஒருத்தருக்கு பிரஷர்னா 1,150க்கு மேல வரணும். அந்த நிலையத்து ரெஜிஸ்டர்ல அத்தனை பேர் இருக்கறதை நான் பார்த்ததில்ல. கொஞ்சம் பேர் பிரைவேட்ல வாங்குவாங்க, சரி. மிச்சம்? ஸ்டூடன்ட் ஒருத்தருக்கு இதை விட நல்ல கேள்வி கிடைக்காது, ஆனா பாதி பேர் என்ன பண்றாங்கன்னா கேஏபி ஸ்டடி, அதாவது இந்த நோயைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறீங்க, என்ன பண்றீங்கன்னு இருபது கேள்வி, அதையும் கூகுள் ஃபார்ம்ல போட்டு வாட்ஸாப்ல அனுப்பிட்டு 300 ரெஸ்பான்ஸ் வந்துச்சுன்னு எழுதுறது. கொரோனா சமயத்துல வேற வழி இல்ல, ஒத்துக்கறேன். இப்பவும் அதையே பண்ணா, போன் வச்சிருக்கவங்க, நம்ம சித்தப்பா, நம்ம கிளாஸ்மேட்டோட அத்தை, இவங்க டேட்டாதான் வரும். தேட வேண்டிய ஆளு அந்த வாட்ஸாப் குரூப்ல இல்லவே இல்ல.

சாம்பிள் சைஸ், அதாவது எத்தனை பேரைப் பார்க்கணும்னு வந்தா எல்லாருக்கும் வைவால கேட்ட அந்த ஃபார்முலா, 4 பீக்யூ பை எல் ஸ்கொயர். பி-ன்னா நாம எதிர்பார்க்கிற சதவீதம், க்யூ மிச்சம், எல் எவ்வளவு தப்பு வந்தா பரவாயில்லைங்கிறது. கட்டுப்பாட்டுல இருக்கவங்க 7 சதவீதம், தப்பு 5 வரைக்கும் ஓகேன்னா 4 × 7 × 93 ÷ 25, 104 பேர் வருது. எதுவுமே தெரியலைன்னு 50 சதவீதம் போட்டா 4 × 50 × 50 ÷ 25, 400 ஆயிடும், ரெண்டு மாசத்துல ஒத்தை ஆளா 400 வீடு ஏறி இறங்கறது நடக்காத காரியம். அதனால பசங்க எல்-ஐ 10ன்னு மாத்தி 100க்கு இறக்கிடுவாங்க, அது தப்பில்ல, ஆனா 7 சதவீதம் வர்ற ஒரு விஷயத்துக்கு 10 சதவீதம் தப்பு வரலாம்னு சொன்னா அந்த ஸ்டடில என்ன மிச்சம் இருக்கும்னு யோசிக்கணும். எங்க கைடு இதை ப்ரொபோசல்ல சிவப்பு பேனால வட்டம் போட்டு காட்டுனார், அசிங்கமா போச்சு.

பர்மிஷன் பத்தி ஒரே பத்தி. காலேஜ் எதிக்ஸ் கமிட்டி, அப்புறம் பொது சுகாதாரத் துறைல அனுமதி, மாவட்ட ஆபிஸ்ல ஒரு லெட்டர், பிளாக் மெடிக்கல் ஆபிசர்கிட்ட ஒரு லெட்டர், பிஎச்சி எம்ஓகிட்ட நேர்ல. ஒரு ஆபிஸ்ல என் ஃபைல் மூணு வாரம் அப்படியே இருந்துச்சு, யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல, போய் நின்னா நகரும். செலக்ஷன் ரிசல்ட் வந்த அப்புறம் ஆரம்பிக்கலாம்னு உட்கார்ந்தா ரெண்டு மாசத்துல ஒரு மாசம் இதுலயே போயிடும்.

இனிமே ஃபீல்டு. ஒப்புதல் படிவம்னு ரெண்டு பக்கம் இருக்கும், இங்கிலீஷ்ல எழுதி, தமிழ்ல மொழிபெயர்த்து, அதை வேற ஒருத்தரை வச்சு திரும்ப இங்கிலீஷ்ல மாத்தி சரியா இருக்கான்னு பார்த்து, இவ்வளவு செஞ்சும் என் படிவத்துல "உயர் இரத்த அழுத்தம் குறித்த இவ்வாய்வில் தாங்கள் பங்கேற்க விழைகிறீர்களா"ன்னு இருந்துச்சு. முதல் வீட்ல ஒரு ஆயா அதை கேட்டுட்டு "என்னா சாமி, கோர்ட்டு காயிதமா"ன்னுச்சு. பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறாங்களான்னு பார்க்கறதுக்கு வந்திருக்கேன் ஆயான்னா புரியுது. கையெழுத்துன்னா இன்னும் பெரிய சிக்கல், குழு லோன்ல கையெழுத்து போட்டு மாட்டுன அனுபவம் எல்லா தெருவுலயும் ரெண்டு பேருக்கு இருக்கும், வீட்டுக்காரர் வந்ததும் கேட்டு சொல்றேன்னு கதவை சாத்துவாங்க. நேர் எதிரா சில வீட்ல ரொம்ப ஆர்வமா உட்கார வச்சு டீ கொடுத்து கடைசில "அந்த ஆயிரம் ரூபாய்க்கு பேர் சேர்க்கத்தானே"ன்னு கேட்பாங்க, உரிமைத் தொகை. இல்லம்மான்னு சொன்னதும் முகம் மாறும் பாருங்க. அப்பவே தெளிவா சொல்லிடணும், சொல்லாம டேட்டா எடுத்துட்டு வந்தா அது ஒப்புதலே கிடையாது. கையெழுத்து போடத் தெரியாதவங்கன்னா கைநாட்டு, அதுக்கு படிக்கத் தெரிஞ்ச, நம்ம டீம்ல இல்லாத ஒரு சாட்சி வேணும், பெரும்பாலும் எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பேத்திதான் கிடைக்கும், அவ மைனர்ங்கறதால பக்கத்து வீட்டு அக்காவை கூப்பிடணும்.

எந்த நேரத்துல போறோம்ங்கறதுலயே பாதி ரிசல்ட் முடிவாயிடுது. நான் முதல் வாரம் காலைல பதினோரு மணிக்கு போனேன், மத்தியான வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடலாம்னு. வீட்ல இருந்தது யாருன்னா அறுபது தாண்டினவங்களும் கைக்குழந்தைக்காரங்களும். பொம்பளைங்க நூறு நாள் வேலைக்கு போயிட்டாங்க, ஆம்பளைங்க கட்டட வேலை, டிரைவர், மில்லு. அந்த நேரத்துக்கு மட்டும் போய் நூறு பேரை முடிச்சிருந்தா இந்த ஊர்ல எல்லாரும் ஒழுங்கா மாத்திரை போடுறாங்கன்னு எழுதியிருப்பேன், ஏன்னா வீட்லயே இருக்க தாத்தாவுக்கு தன்னார்வலர் அக்கா வந்து மாத்திரை கொடுத்துட்டு போறாங்க, நாப்பத்தஞ்சு வயசு டிரைவர் அவங்க கண்ணுலயே படறதில்ல, பிஎச்சி ஓபி நேரத்துல அவர் லோடு ஏத்திட்டு இருப்பார். அவரை பிடிக்க சாயங்காலம் ஆறரைக்கு மேல, இல்ல ஞாயித்துக்கிழமை காலைல போகணும், ஞாயிறு சாயங்காலம் போனா வேற பிரச்சினை, அவர் தெளிவா இருக்க மாட்டார்.

பிபி பார்க்கறதும் நினைக்கிற மாதிரி இல்ல. அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரணும், முதுகு சாய்ஞ்சிருக்கணும், கால் தரையில படணும், கை நெஞ்சு உயரத்துல இருக்கணும், அரை மணி நேரத்துக்குள்ள டீ பீடி கூடாது, கைக்கு ஏத்த கஃப், கையில சுத்துற பட்டை, வேணும், ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவை பார்த்து ரெண்டுக்கும் சராசரி. சாய்ஞ்சு உட்கார நாற்காலி எல்லா வீட்லயும் இருக்காது, திண்ணையில சுவத்துல சாய வச்சு கைக்கு கீழ அரிசி டின்னை வச்சிருக்கேன். ஓபில நூறு பேர் க்யூல நிக்கும்போது இதெல்லாம் முடியாது, அங்க எழுதுற பிபி எல்லாம் 130/80, 140/90, 150/100னு சைபர்லயே முடியும், கவனிச்சிருக்கீங்களா. உண்மையான அளவுகள் பத்துல ஒண்ணுதான் சைபர்ல முடியணும். 140ஐ 138ன்னு எழுதுறதா 142ன்னு எழுதுறதாங்கிற இடத்துலதான் ஒருத்தர் கட்டுப்பாட்டுல இருக்காரா இல்லையான்னே முடிவாகுது, அதனால டிஜிட்டல் மெஷின் காட்டுறதை அப்படியே எழுதணும்.

அடுத்தது மாத்திரை ஒழுங்கா போடறீங்களாங்கிற கேள்வி. டாக்டருக்கு படிக்கிற புள்ள வீடு தேடி வந்து கேட்டா யாராவது இல்லைன்னு சொல்வாங்களா? எல்லாரும் "டெய்லி போடறேன் கண்ணு"தான். இதுக்குன்னு ரெடிமேட் கேள்வித்தாள்கள் இருக்கு, மோரிஸ்கி ஸ்கேல்தான் ரொம்ப பிரபலம், ஆனா அதோட எட்டு கேள்வி வெர்ஷனுக்கு லைசென்ஸ் வாங்கணும், வாங்காம பயன்படுத்துனவங்களுக்கு நோட்டீஸ் போயி பேப்பரை வாபஸ் வாங்குன கதையெல்லாம் நடந்திருக்கு, சீனியர் பயன்படுத்துனார்னு நாமளும் காப்பி அடிச்சா தலைவலிதான். நான் சேத்துப்பட்டு வழியைத்தான் எடுத்தேன், மாத்திரை அட்டையை எடுத்துட்டு வாங்கன்னு சொல்லி எண்ணுனேன், வாங்குன தேதி மக்களைத் தேடி மருத்துவம் (எம்டிஎம்) அட்டைல இருக்கும். டெய்லி போடறேன்னு சொன்ன ஒரு பெரியம்மாகிட்ட முப்பது நாள்ல தீர்ந்திருக்க வேண்டிய அட்டைல பாதி மிச்சம். திட்டுவேன்னு பயந்துட்டாங்க, திட்டலைன்னதும் மெதுவா சொன்னாங்க, தலைசுத்தல் இருக்க அன்னைக்கு மட்டும் போடுவாங்களாம், நல்லா இருக்கும்போது எதுக்கு வீணாக்கணும்னு. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் விட்டு ஒரு நாள், வீட்டுக்காரருக்கும் பிரஷர், அவர் பிஎச்சிக்கு வர மாட்டார், அதனால இவங்க அட்டையிலேயே ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கறாங்க. இது எந்த கேள்வித்தாள்லயும் ஆப்ஷனா இல்ல. "மற்றவை"ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுக்குள்ள எழுதினேன். ரிப்போர்ட்ல உருப்படியா இருந்த பகுதியே அந்த கட்டம்தான்னு எனக்கு இன்னும் எண்ணம்.

நடுவுல 190/120 வந்தா என்ன பண்றது? ஃபார்ம்ல எழுதிட்டு அடுத்த வீட்டுக்கு போக முடியாது, எதிக்ஸ் கமிட்டி அதை கேட்டுத்தான் அனுமதி கொடுக்கும். நாம மருந்து எழுதற ஆளும் இல்ல. ரெஃபரல் சீட்டு எழுதி, விஹெச்என் அக்காவுக்கு போன் போட்டு, அன்னைக்கே பிஎச்சிக்கு போக வைக்கணும். இப்படி ஒருத்தரை நானே பைக்ல பின்னாடி உட்கார வச்சு கூட்டிட்டு போயிருக்கேன், அன்னைக்கு டேட்டா சைபர்.

விஹெச்என் அக்கா இல்லாம இதுல ஒண்ணுமே நடக்காது, அதை ரிப்போர்ட்ல நன்றி சொல்ற பக்கத்துல ஒரு வரியா போட்டு முடிச்சிடறோம், அது எனக்கு இன்னும் உறுத்தலா இருக்கு. எந்த வீட்ல நாய், எந்த வீட்ல சாவு விழுந்து பதினாறு நாள் ஆகல, எந்த தெருவுக்கு யாரோட போனாதான் கதவு திறக்கும், இதெல்லாம் அவங்கதான் சொன்னாங்க. அதே சமயம் அவங்க கூடவே போனா ஜனங்க உண்மையை சொல்ல மாட்டாங்க, அக்கா கோச்சுக்குவாங்கன்னு எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொல்வாங்க. முதல் நாள் அறிமுகத்துக்கு அக்கா, அடுத்த நாள் கேள்விக்கு நான் மட்டும்னு பிரிச்சுக்கிட்டோம்.

ரிப்போர்ட் எழுதும்போது நான்-ரெஸ்பான்ஸ்னு ஒரு வரி வரும், எத்தனை பேரை பார்க்க முடியலைன்னு. மூணு தடவை, மூணு வேற வேற நேரத்துல போயும் ஆள் இல்லைன்னாதான் அப்படி எழுதலாம்னு கைடு கண்டிஷன் போட்டிருந்தார். என் லிஸ்ட்ல ஒரே தெருவுல வரிசையா நாலு வீடு பூட்டிக் கிடந்துச்சு, காலைல போனேன், ராத்திரி ஏழு மணிக்கு போனேன், ஞாயித்துக்கிழமை போனேன். மூணாவது தடவை எதிர் வீட்டு தாத்தா கட்டில்ல இருந்தபடியே சொன்னார், அவங்க எல்லாம் குடும்பத்தோட திருப்பூர் போயி ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி, ஒருத்தனுக்கு பிரஷர் இருக்கு, அங்க மாத்திரை எங்க வாங்குறான்னு தெரியல, பொங்கலுக்கு வருவான், அப்ப வந்து கேளுன்னு. என் ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய கடைசி தேதிக்கு அப்போ பத்தொன்பது நாள் இருந்துச்சு, பொங்கலுக்கு நாலு மாசம்.